நலமென்று கூவ மறுத்த காவலன் பொருட்டு

வான் வழங்குக, வயல் விளைக, அறம் நிலைக்க. வெண்பாறை நாடும் அதன் ஏழு கோட்டைகளும் உடைய பெருவேள் செங்குன்றக்கோ, துறைக்கல் கோட்டையின் புறத்தே பாசறையிலிருந்து விடுக்கும் திருமுகம். தலைநகராகிய திருவரணின் காவல் பூண்டு, நம் முத்திரையையும் நம்பிக்கையையும் ஒருங்கே தாங்கும் பேரமைச்சர் தாயங்கண்ணனார் காண்க. உமக்கும் நகர மாந்தர்க்கும் நன்மை உண்டாகுக என எழுதுவது வழக்கம். அவ்வாறே எழுதினோம்.

நம் பாட்டனார் வகுத்த முறையை நீர் அறிவீர். நாள்தோறும் விடியலில் கோபுரக் காவலன் நாற்புறமும் நோக்கி, 'நலமே' என்று மும்முறை கூவிய பின்னரே கோட்டை வாயில் திறக்கப்படும். நாளடைவில் நோக்குதல் ஒழிந்து கூவுதல் மட்டும் நின்றது. இறைவன் குடியிருக்கும் நாட்டில் நலமன்றி வேறென்ன இருக்கக்கூடும் எனச் செருக்குற்று, வேறு சொல் கூவுவோனுக்குக் கொலைத் தண்டம் என்று ஆணையிட்டவர் நாமே. அதன்படி, 'நலமன்று' என்று கூவிய திருவரண் வடகோபுரக் காவலன் பிடவூர்க் கொற்றனைச் சிறையிட்டு, வரும் முழுமதி நாளில் கொல்லப் பணித்தோம்.

மதில் எழுப்ப ஏழையர் குடிசைகளைப் பறித்தோம் என்றும், கல் சுமந்து மாண்டோரை மதிலடியிலேயே புதைத்தோம் என்றும், அவர்தம் அழுகை கேட்ட இறைவன் கருவறை விட்டு எழுந்து போயினன் என்றும், இனி அவன் பகைவர் படைக்கு முன்னே நடந்தே வருவான் என்றும் கொற்றன் நம் அவையில் உரைத்தான். அவை நகைத்தது. நாமும் நகைத்தோம்.

நேற்று நண்பகல் இங்கு வந்தோம். கோட்டைக் கதவுகள் உடைபடவில்லை. விரியத் திறந்து கிடந்தன. உள்ளே உயிரோடு இருந்தவள் இக்கோட்டைக் கோபுரக் காவலனின் மனைவி காரிநங்கை ஒருத்தியே. விடியலில் பனியினூடே பகைவர் அணிவகுத்து நிற்கக் கண்டும், கண்டதைக் கூவினால் நம் ஆணை தன்னைக் கொல்லும் என்றஞ்சி, தன் கணவன் 'நலமே' என்று மும்முறை கூவினான் என்றும், அது கேட்டு வாயிலோர் வழக்கம்போல் கதவு திறந்தனர் என்றும், இறக்குமுன் அவனே இதனைத் தன்னிடம் சொன்னான் என்றும் அவள் கூறினாள். இறைவன் காப்பான் என்று கோயிலுள் ஓடி ஒளிந்தோர் கோயிலோடு எரிந்தனர். அவள் நம்மை வணங்கவில்லை. வணங்கென நாமும் பணிக்கவில்லை.

பகைவர் ஆற்றுவழியே திருவரண் நோக்கி விரைகின்றனர். நம் படை அவர்க்கு மூன்று நாள் பின்தங்கி நிற்கிறது. ஆதலால், ஓலை கண்ட அக்கணமே கொற்றனை விடுவித்து வடகோபுரம் ஏற்றுக. அவன் கண்டதையே கூவட்டும். நலமென்று அவன் வாய் சொல்லும் வரை வாயில் திறவற்க. மதிலுக்குப் பறித்த நிலங்களை உரியோர்க்கே திருப்பித் தருக. அதனால் இறைவன் சினம் தணியுமோ, அறியோம், தணியாவிடினும் செய்க.

குதிரை மாற்றி மாற்றி ஓடினும் தூதன் முழுமதி நாள் காலையில்தான் உம்மை அடைவான். அதற்குள் நம் முந்தைய ஆணை நிறைவேறியிருப்பின், அப்பழி நம்முடையது. அவ்வாறாயின் மதிலை நம்பாதீர். எந்தக் கூவலுக்கும் காத்திராது மக்களை மேற்கு வாயில் வழியே மலைக்கு அனுப்புக. மெய் சொல்ல ஆளற்ற நகரை எப்படையாலும் காக்க இயலாது.

இது நம் ஆணை. முத்திரை உம்மிடம் உள்ளமையால், துறைக்கல் கோயிலின் சாம்பலில் பெருவிரல் தோய்த்து ஒப்பமிட்டோம். கொற்றன் உயிரோடிருப்பின், இவ்வோலையை அவைக்குப் படிக்குமுன் அவனுக்குப் படித்துக் காட்டுக.