ஆழிமிதித்தார் வென்ற ஏழு தீவுகள் குறித்து

வான் பொய்க்காதிருக்க, போன வலை வெறுமையாய்த் திரும்பாதிருக்க. வெண்சங்க நாட்டின் முடியுடையாள், மூன்று துறைகளின் காவலுடையாள், கோப்பெருந்தேவி நித்திலவல்லியார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் மாறாடி எழுதுவது. புன்னைத்துறையின் தலைவரும், தம்மைக் கடலரசர் என்று தாமே கல்லில் வெட்டுவித்துக்கொண்டவருமான பெருந்திரு நீலங்கிழார் இதனை நின்றவாறே வாசிக்க.

தங்கள் துறையும், துறையின் மரக்கலங்களும், மீன்சந்தைப் பூனைகளும் நலம் என்றறிந்து தேவியார் மகிழ்ந்தார். தங்கள் நலமும் கேட்கப்பட்டதாகக் கொள்க.

நாகக்கல் திட்டின் கடற்கள்ளர் நம் முத்துக்குளிப்போர் முப்பத்திருவரைச் சிறைபிடித்துப் பதினெட்டு நாள் ஆயிற்று. அவர்களை மீட்கச் செல்லும் படைக்குத் தங்கள் மருமகனார், ஆழிமிதித்தார் என்னும் பட்டம் தாங்கிய வேள்நாகனாரே தலைவராக வேண்டுமென்று தாங்கள் மூன்று ஓலை விடுத்தீர். சான்றாகத் தாங்கள் உடன் அனுப்பியது பள்ளிப் பிள்ளைகள் உருப்போடும் கதைச்சுவடி. ஏழு கதை, ஏழு தீவு, ஏழு வெற்றி. பாடியவர் தங்கள் வீட்டுச் சோறுண்ணும் புலவர் என்பதைச் சுவடியின் கடைசி ஏடு நன்றியோடு கூறுகிறது.

இஃது இவ்வாறிருக்க, காயாம்பூ என்னும் தீவுத்தலைவி படகேறி வந்து அரசவையில் நின்றாள். சிறைப்பட்டோருள் இருவர் அவளுடன் பிறந்தோர். வேள்நாகனார் தலைமையேற்கிறார் என்று கேட்டதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்க வேண்டும் என்பது ஆணையாகலின் பொறிக்கப்படுகிறது: “ஐயோ தாயே, அவரா? வருசத்துக்கு ஒருக்கா எங்க கரைக்கு வந்து கம்பு நட்டுட்டுப் போவாரே, அந்த மனுசனா? நல்ல கம்புதான், குத்தஞ்சொல்லக் கூடாது, கருவாடு காயப்போட வசதியாத்தான் இருக்கு. ஆனா அவரை நம்பி எந் தம்பிமாரை விட முடியுமா?”

அவை திகைத்தது. ஆராய்ந்தபோது புலப்பட்டது இது. வென்ற தீவின் கரையில் அரசக் கொடிக்கம்பம் நாட்டுவதும், முதலில் எதிர்ப்படுவோரிடம் தீவின் பெயர் கேட்டு அரண்மனைக்கு எழுதுவதும் நம் கடற்படையின் வழக்கம். காயாம்பூவின் தீவு மக்களின் வழக்கமோ, அந்தந்தப் பருவத்தில் படும் மீனின் பெயரால் தம் தீவை அழைப்பது. சூரை பட்டால் சூரைத்தீவு. நெத்திலி பட்டால் நெத்திலித்தீவு. வேள்நாகனார் புறப்பட்ட பருவமும் ஆண்டுதோறும் மாறியது. எனவே ஒரு தீவை ஏழு முறை வென்றார். வெல்லப்பட்ட சேதி மட்டும் தீவுக்கு இன்றளவும் தெரியாது.

அதே தீவென்று கண்டறியவில்லையா எனத் தேவியார் வினவியருளினார். துறை நீங்கியது முதல் கரை சேரும்வரை தாம் நெற்றியில் சுக்குப்பற்றிட்டு, கண்மூடி, கப்பலின் அடித்தட்டில் போர்த்தந்திரம் சிந்திப்பது வழக்கம் என்றும், கரையில் இறங்குவதும் துடுப்போர் தோள்மேல் என்றும் வேள்நாகனார் விடை பகர்ந்தார். ஆழியை மிதித்தவர் கணுக்கால் அளவு நீரையும் மிதித்ததில்லை என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஏழாம் முறை மட்டும் கண் திறந்து பார்த்தாராம். நம் கொடிக்கம்பங்கள் ஆறு வரிசையாய் நிற்கக் கண்டு, தமக்கு முன் வந்த வீரர் அறுவரை அத்தீவு விழுங்கிவிட்டது என்று நடுங்கி, ஏழாவதை நட்ட கையோடு கப்பலுக்கு ஓடினாராம். தங்கள் புலவர் பதினாறு ஏட்டில் பாடிய பெரும்போர் அதுவே.

படைத்தலைமை அவருக்கு இல்லை என்று தேவியார் முடிவு செய்த அந்நாளே கள்ளர் தலைவன் கொடுங்கரையனின் தூதன் வந்தான். தங்கள் புலமைப்பணி நாகக்கல் வரை பரவியுள்ளது என்பதைப் பெருமையோடு அறிக. தம் பிள்ளைகளும் அச்சுவடியைக் கேட்டே சோறுண்கின்றனர் என்றும், அப்பெருவீரர் தம்மிடம் பிணையாய் இருந்தால் எந்நாட்டுப் படையும் அணுக அஞ்சும் என்றும், அவர் ஒருவரைத் தந்தால் முப்பத்திருவரையும் அன்றே விடுவதாகவும் கொடுங்கரையன் சொல்லி அனுப்பினான். அவை நெடுநேரம் சிரிக்காமல் இருந்தது, அது எளிதாயிருக்கவில்லை. காயாம்பூ மட்டும் அழுதாள்.

ஆகலின் ஆணை. இவ்வோலை கண்ட மூன்றாம் நாள், தென்றல் திரும்புமுன், வேள்நாகனாரைப் பட்டம், பதக்கம், வெண்கவரி, முரசு அனைத்தோடும் மரக்கலமேற்றுக. அவர் மறுத்தால், தம் வாழ்நாளில் முதன்முறையாக மெய்யாகவே முப்பத்திருவரைக் காக்கப்போகிறார் என்று எடுத்துரைக்க. அதற்கும் மறுத்தால், அவருடைய மாமனார் என்னும் உரிமையில் தாங்கள் அப்பட்டத்தையும் பதக்கத்தையும் அணிந்து ஏறுக. கள்ளர் முகம் பார்த்தறியார். சுவடியில் படம் இல்லை.

சுக்கு வேண்டுமளவு எடுத்துச்செல்லத் தடையில்லை.

சங்கு முத்திரை அரக்கில் பதித்து, தேவியார் திருமுன் கட்டிய ஓலை இது. முப்பத்திருவரும் நம் கரையில் கால்வைத்து, காயாம்பூ தலை எண்ணி முடிக்கும்வரை இதனை எவர்க்கும் வாசித்துக் காட்டற்க. கள்ளர்தம் பிள்ளைகளுக்கு ஒருபோதும் காட்டற்க.