வாய் திறக்காத எறும்பு

பாவா,

மலை மேலிருக்கும் முருகன் மேல் ஆணையாக, ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப் போகிறேன். இன்று காலை அக்கா வீட்டில் புது பாவு பீம் வந்து இறங்கியது. நூலின் கஞ்சி வாசனை நடுச்சுவரைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் திருத்தணி மலை நாலு அடி நகர்ந்து ஆந்திரா பக்கம் போய் நின்றது.

அக்காவைக் கட்டுவதற்கு முன்பே நீ என் கூட்டாளி. 'ங்க' போட்டுப் பேசிப் பழக்கமில்லை. அதனால் நேராகவே திட்டுகிறேன்.

பாவு நூல் சுற்றிய அந்த இரும்பு உருளையைத் தறியில் ஏற்ற, முனைக்கு ஒரு ஆள் வேண்டும். நம் தெருவில் பீம் ஏற்றுகிறவர் பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சோற்றில் கை வைத்தவன்கூட எழுந்து ஓடுவான். தெருவே தட்டியது. நீ மட்டும் தட்டவில்லை. ஒரு முனைக்கு முக்காலியை முட்டுக்கொடுத்து, மறு முனையைத் தோளில் ஏற்றி, தனியாகவே மல்லுக்கட்டுவாய்.

"இன்னா பாவா, செவுத்துல தட்டினா கை தேஞ்சிடுமா?"

"என் தறி, என் பீம். நீ போய் ரீல் உடு, போ."

ரீல் விடுவதில் நீ மட்டும் குறைச்சலா? உன் மகளுக்குச் சொன்னாயே ஒரு கதை: இந்த மலையை ஒரே ஓர் எறும்பு மண் மண்ணாகச் சுமந்து கட்டியதாம். முருகனே வந்து, "நான் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டானாம். "வேணாம் சாமி, என் வேலைய நானே பாத்துக்குவேன்" என்றதாம் எறும்பு. உன் மகள் கைதட்டினாள். நானும்தான் தட்டினேன், மடையன்.

நீ போய்ச் சேர்ந்த அன்று விடிந்ததிலிருந்தே உனக்கு மார்பில் வலி. அக்காவிடம் வாயு என்று சொல்லி, அவளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பீமைத் தூக்கினாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா, பாவா! என் காதில் விழுந்தது பீம் விழுந்த சத்தம்தான்.

உழைக்கச் சொன்னாய், சரி. தன் காலில் நிற்கச் சொன்னாய், அதுவும் சரி. தூக்க முடியாததற்கு ஆள் கூப்பிடுவதும் வேலைதான் என்று எந்தக் கதையில் சொன்னாய்? அத்தனை பெரிய மலையைக் கட்டவைத்தவன் அந்த எறும்புக்கு ஒரு வாய் வைக்க மறந்துவிட்டாயே, பாவி!

போன முறை பீம் வந்தபோது உன் மகள், பதினோரு வயதுப் பெண், தனியாக ஒரு முனையைத் தூக்கப் பார்த்து விரலை நசுக்கிக்கொண்டு நின்றாள். அழவுமில்லை.

"வாய் இருக்குதுல்ல, மாமான்னு ஒரு குரல் குடுத்தா இன்னாடி?"

"எறும்பு கூப்டுச்சா? நைனா கதையில இல்லியே."

உன் மேல் வந்த கோபத்தை அவளிடம் காட்ட முடியுமா? கதையை மாற்றினேன். கடைசிக் கல் எறும்பால் அசையவில்லை. மூன்று நாள் முக்கிய பிறகு அது வாயைத் திறந்து ஒரு கூச்சல் போட்டது. மணவூரில் ரயில் நின்றுவிட்டது. பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் விசிலை விழுங்கிவிட்டார். முருகன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து மறு முனையைப் பிடித்தான்.

"புளுகு மாமா," என்றாள். சிரிக்கவில்லை.

இன்று பீம் இறங்கியதும் சுவரில் காதை ஒட்டவைத்து நின்றேன். ஆயிரம் வருடம் நின்றேன். தாடி வளர்ந்து தரையைத் தொட்டது. அந்தப் பக்கம் இரும்பு உரசியது. உன் மகளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, நான் ஓடிய ஓட்டத்தில் வாசல் நிலை பெயர்ந்து தோளோடு வந்துவிட்டது. அக்கா ஒரு முனை, நான் ஒரு முனை. "பாத்து மாமா, மெல்ல," என்று அதட்டி வேலை வாங்கினாள் உன் மகள்.

உன் மேலிருக்கும் கோபத்தை இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அதற்கு மட்டும் மறு முனை பிடிக்க ஆள் இல்லை.

மலை நகர்ந்தது புளுகு. ரயில் நின்றது புளுகு. தாடி, வாசல் நிலை எல்லாம் புளுகு. சுவரில் இரண்டு தட்டு கேட்டது மட்டும் நிஜம், பாவா.