உயிர் மாறும் சொற்கள்

லைப்ஸிக்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நிஷா பேச்சு வந்து சண்டையில் முடிகிறது. அதனால்தான் கடிதம். ஜெர்மன் வகுப்பைத் தவறவிடாதீர்கள், தேறினால்தான் விசா.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஹெல்கா அம்மாளுக்கு மறதி நோய். சில வினைச்சொற்கள்தான் மிச்சம். நேற்று என் கையைப் பிடித்து, “தாஸ் கிண்ட் ஸாங்” என்றார். குழந்தை பாடியது என்று அர்த்தம். நமக்கு நிஷா என்று ஒரு மகள் இருந்ததை நான் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள்
மேகலா

மீர்சாகிப்பேட்டை
17.2.2025

அன்பு மேகலாவுக்கு,

நந்தனம் வகுப்பில் ‘வலுவான வினைகள்’ நடத்தினார்கள். மற்ற வினைகளுக்கு இறந்தகாலத்தில் வால் ஒட்டும். இவற்றுக்கு உள்ளேயிருக்கும் உயிரெழுத்தே மாறும். ஸிங்கென், ஸாங். இங்கிலீஷில் சிங், சேங். இரண்டும் ஒரே மொழியாயிருந்த காலத்திலேயே இப்படித்தானாம். வருவது, குடிப்பது, பாடுவது, சாவது எல்லாம் அந்தப் பழைய கூட்டம். பழசு என்பதால் ஹெல்கா அம்மாளுக்கு மறக்கவில்லையோ?

நீ சொன்ன அதே ஞாயிறு, பக்கத்து வீட்டு ஜைதூன் பீ என்னை வழிமறித்து, “இன்னா அசோகா, டிவிய போட்டுட்டா போன? உள்ள கொயந்த பாடிக்கினு கீதே” என்றார். நம் டிவி ரிப்பேராகி ஒரு மாதமாகிறது.

அசோகன்

லைப்ஸிக்
2.3.2025

மாமா,

பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் ஹெல்கா அம்மாள் “ஸிங்ட்” என்கிறார். பாடுகிறது. “ஸாங்” என்று திருத்தினேன். சிரித்தபடி தலையாட்டி மறுத்துவிட்டார். அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுச் சீக்கிரம் வாருங்கள்.

மேகலா

மீர்சாகிப்பேட்டை
14.3.2025

மேகலா,

தேறிவிட்டேன். ஆனால் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை. கோபிக்காதே. நானும் கேட்டேன், மத்தியானம், சமையலறையில். ‘ழ’ வராத அதே மழலை. கூடவே நானும் பாடினால் நிற்காமல் பாடுகிறாள். வாசலைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. நிஷா இறந்த அன்று, காய்ச்சலில் கிடந்தவளை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இன்னொரு தடவை போகமாட்டேன்.

அசோகன்

லைப்ஸிக் விமான நிலையம்
27.3.2025

மாமா,

பத்து நாளாக நீங்கள் போன் எடுக்கவில்லை. ஜைதூன் பீ அக்காவைக் கூப்பிட்டேன். “கதவு உள்ள தாப்பா போட்டுக் கீதும்மா. ரெண்டு கொரலு பாடிக்கினு இருந்துச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நேத்துலேர்ந்து ஒண்ணுதான் கேக்குது. சின்னது” என்றார். கதவை உடைக்க ஆள் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

அன்று நானும்தான் வேலைக்குப் போயிருந்தேன். பழியை மட்டும் உங்கள் தலையில் போட்டுவிட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தேன். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நீங்களே கதவைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
மேகலா