கிட்டார் தட்டின கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நடக்கப் போறாரா, இல்லை போறேன் போறேன்னு சொல்லிட்டே உட்கார்ந்திருக்காரா? நான் நல்லா இருக்கேன், சாப்பாட்டுக்கும் குறைச்சல் இல்லை.

நேத்து எங்க ஸ்டூடியோவுல ஒரு கூத்தும்மா. ஒரு கிட்டார்காரர் தனியா வாசிச்சுப் பதிவு பண்ண வந்தார். பாட்டு இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. நானூறு வருஷத்துப் பழைய இசையில ஆரம்பிச்சு இந்தக் காலத்து இசை வரைக்கும் ஒரே ஆல்பம். மைக்கைச் சரியா வெச்சிட்டு, மூலையில மூச்சு காட்டாம உட்கார்ந்திருக்கிறதுதான் என் வேலை. பழைய இசை தாலாட்டு மாதிரி இருந்துச்சா, கண் அசந்துட்டேன்.

புது இசையில நடுநடுவே கிட்டார் மரத்தை விரலால தட்டணுமாம். டொக் டொக் டொக்! சாப்பிடக் கூப்பிட நீ என் ரூம் கதவைத் தட்டுவியே, அச்சு அசல் அதே தட்டு. "இதோ வந்துட்டேம்மா!"ன்னு கத்திட்டேன்.

முதலாளி முறைச்ச முறைப்புல வேலை போச்சுன்னே நினைச்சேன். கிட்டார்காரருக்குத் தமிழ் தெரியாது, நான் கத்தினதுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சார். "தட்டினா யாராவது பதில் சொல்லணும்ல? அது அப்படியே இருக்கட்டும்"னுட்டார். ஆல்பத்துல உன் பிள்ளை குரலும் உண்டு!

என் பழைய போர்வையை அனுப்பும்மா. துவைக்காம அனுப்பு.

முதலாளி கூப்பிடறார், முடிச்சுக்கறேன். "எப்போடா வருவே"ன்னு போன்ல கேட்டுட்டே இருக்கியே, இனிமே அந்த ஆல்பத்தைப் போடு. தட்டற சத்தம் கேட்டதும் பதில் வரும்.

உன் பிள்ளை