மூன்று முறை கேட்டாயிற்று

புவனோஸ் ஐரிஸ்,
மன்னிப்பு நோன்புக்கு மறுநாள்.

அன்புள்ள நாவூமுக்கு,

சுலாமிதா எழுதுவது. நானும் தெபோராவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே நலம் என்று நம்புகிறேன். தெற்கே அந்தப் பேய்க்காற்றில், எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் நல்ல யூதனாக ஒழுங்காக நோன்பிருந்தாயா, இல்லை கூட இருக்கிறவர்கள் ஆடு சுட்ட வாசனையில் நழுவிவிட்டாயா? எதுவானாலும் என்னிடம் சொல்லாதே. எனக்குத் தெரிந்த பாவங்களே போதும். சமையலறைக் கூரை ஒழுகுவதை வீட்டுக்காரர் ஒருவழியாக அடைத்துவிட்டார். உன் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு போனில் நம் மகள் தெபோராவிடம், “மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் கண்ணு, எல்லாரும் நிம்மதியா நோன்புக்குப் போகலாம்ல” என்றாயே, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் கேள்.

ஜூன் மாதம் கொடி நாளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். அதற்கு முன்னால் நாலு வரி சொல்ல தெபோராவை நிறுத்தினார்கள். அவளே கை தூக்கி வாங்கிக்கொண்ட வேலை. திக்கு வாயை வைத்துக்கொண்டு ஒரு மாதம் குளியலறையில் சொல்லிச் சொல்லிப் பழகினாள், பாவம். அன்றைக்கு மூன்று வரி நன்றாகவே போயிற்று. நாலாவதில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற லியாந்த்ரோ அதே மாதிரி திக்கிக் காட்டினான். பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் க்ரின்பர்க்கின் மகன் அவன். பிள்ளைகள் சிரித்தார்கள். பெற்றோர் சிலரும் சிரித்தார்கள், நாவூம், அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் நுழைந்தாலே “தெ-தெ-தெ வந்துட்டா!” என்று ஒரு கூச்சல். ஒரு வாரத்தில் பள்ளியில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அதே வகுப்புக்கு நன்னெறியும் குடிமைப் பண்பும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை யார்? உன் மனைவிதான். ஊருக்கு உபதேசம்! நோன்புக்குச் சற்று முன்னால் வருகிற நம் யூதப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் வந்ததும் வழக்கமான பாடத்தை நடத்தினேன். கடவுளுக்குச் செய்த பிழையை நோன்பு தீர்க்கும், மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரிடமே போய்க் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும் என்றேன். மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேள், மனம் இளகாவிட்டால் இரண்டாம் முறை போ, மூன்றாம் முறையும் போ, அதற்கும் இளகாதவர் மேல்தான் பிழை என்றும் சொன்னேன். நம் பெரியவர்கள் வகுத்ததுதானே. லியாந்த்ரோவை மனதில் வைத்துத்தான் அழுத்திச் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அவன் மறுநாளே மூன்று பையன்களைக் கூட்டிக்கொண்டு அவளிடம் போனான். காலை இடைவேளையில் ஒரு முறை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை. “மன்னிச்சுக்கோ” என்பான், அவள் தரையைப் பார்ப்பாள், கூட வந்தவன் “ஒண்ணு!” என்பான். மூன்றாவது முறை நாலு பேருமாகக் கைதட்டி, “முடிஞ்சது! இப்போ பாவம் உன் தலையில!” என்று முற்றம் முழுக்க ஓடினார்கள். சாத்தான் வேதம் ஓதுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் பாடத்தையே ஓதும் என்று நினைக்கவில்லை.

பிள்ளைகள்தானே என்று விட்டுவிடலாம். பெரியவர்கள் செய்ததைக் கேள். ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். “சுலாமிதா, பாடம் எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க! அந்தப் பையன் தானாப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கான்” என்று ஒரு அம்மாள் கண் கலங்கவே செய்தாள். பிள்ளைகளோ தெபோராவோடு விளையாட்டுக்குச் சேர மறுத்தார்கள். பாவம் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு சின்னப் பெண் என்னிடமே வந்து, “டீச்சர், இந்த வருஷம் யார் இருப்பாங்க, யார் சாவாங்கன்னு நோன்பன்னிக்குக் கடவுள் எழுதி முத்திரை வச்சுடுவாராமே, அவ மன்னிக்காட்டி இந்த வருஷம் செத்துப்போயிடுவாளா?” என்று கேட்டாள்.

தலைமையாசிரியர் வைனரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர், “நோன்புக்குள்ள பேசித் தீர்த்துடுவோம், நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்றார். நோன்புக்கு முதல் நாள் அவர் அறையில் எல்லோரும் கூடினோம். லியாந்த்ரோவின் அம்மா தேன் கேக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள். கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். பையன் நாலாவது முறையாக, அம்மாவின் முழங்கை விலாவில் இடித்ததும், “மன்னிச்சுக்கோ தெபோரா” என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குள் மாதக்கணக்காக மூடியிருந்த வாய் திறந்தது. “நா... நா... நான்...” என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை. அதற்குள் க்ரின்பர்க் அம்மாள் பாய்ந்து கட்டிக்கொண்டு, “மன்னிச்சுட்டேன்னு சொல்றா! என் தங்கம்!” என்று முத்தம் கொடுத்தாள். வைனர், “அப்பாடா, கடவுளுக்கு நன்றி” என்று கேக்கை வெட்டத் தொடங்கினார்.

“அவ இன்னும் முடிக்கல!” என்று கத்தினேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். வைனர், “நன்னெறி டீச்சரே இப்படிக் கத்தலாமா?” என்றார். “நன்னெறியா? ஒரு பிள்ளை ஒரு வாக்கியம் சொல்றவரைக்கும் பொறுக்க முடியல, உங்களுக்கு என்னய்யா நன்னெறி?” என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை வேறொருவர் எடுப்பார் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கட்டும். ஆனால் நான் கத்தியதில் தெபோராவுக்குப் பேச மிச்சமிருந்த கொஞ்ச இடமும் போயிற்று. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவளே தொடங்கினாள். நின்று நின்று, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்து முழுசாகச் சொன்னாள். “நான் மன்னிக்கணும்னுதான் நினைக்கிறேன். அவன் யாரையும் கூட்டிக்காம தனியா வந்து கேட்கணும்னு சொல்ல வந்தேன்.” அவ்வளவுதான், நாவூம். அவள் கேட்க நினைத்தது அவ்வளவுதான். நோன்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மனம் லேசாகிவிட்டது. இனி எவன் வந்து தனியாகக் கேட்கப் போகிறான்?

உனக்கு நல்ல ஆண்டு என்று மேலே எழுதி முத்திரை வைத்திருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிறு நீ கூப்பிடும்போது தானே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், புத்தி சொல்லாதே, சமாதானமும் சொல்லாதே. லைன் இரைந்தாலும் சரி, உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் திட்டினாலும் சரி, அவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அதை நீ எடுத்துக் கொடுக்காதே. அவளே சொல்லி முடிக்கட்டும்.

உன்,
சுலாமிதா