நாலு வரிக்குக் கீழே

நவம்பர் 16, 1998. திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். அஞ்சலட்டைகள் ஈரம். தபால்காரர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தும் பயனில்லை, மை பரவியிருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே மேசையில் பரப்பினேன். இருபத்தொன்று.

எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வாசகர் பரிந்துரைப் பகுதி. கதை, கவிதை கூடாது. மற்ற எந்த நூலானாலும் சரி. என்ன நூல், யாருக்கு, ஏன். நாலு வரி. என் முழங்கால் செய்திக்கு ஓட மறுத்ததால் வேலூர் அலுவலகம் போன வருஷம் இதை என் தலையில் கட்டியது. தண்டனை என்று நினைத்தேன். இப்போது திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

இன்று தேறியவை:

– சேத்துப்பட்டு ஏட்டு ஒருவர். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவது பற்றிய நூல். லத்தி பிடிக்கிற கைகளுக்கு.

– வெம்பாக்கம் விவசாயி. நிலாவுக்குப் போய் வந்தவர்களைப் பற்றியது. படித்த பிறகு தன் கிணறு ஆழமாகத் தெரியவில்லையாம்.

– நம் ஆரணிப் பட்டுச் சாய மாஸ்டர். மகனுடைய வேதியியல் பாடப்புத்தகம். மகன் ஒரு முறையும் படிக்கவில்லை. இவர் மூன்று முறை.

– தேவிகாபுரம் ஆசிரியை. எறும்புகள். பள்ளி ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் படிக்க வேண்டுமாம். காரணம் எழுதவில்லை. தேவையும் இல்லை.

சிவப்பு மையில் வெட்டினேன். கீழிருந்து மேலே, எப்போதும்போல. செய்தியில் முக்கியமானது முதல் வரியில் இருக்கும். கடைசி வரிகள் மரியாதைக்கு, இடம் போதாவிட்டால் அவைதான் போகும். முப்பது வருஷப் பழக்கம். கண் நாலாம் வரியில் நின்றுவிடும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

படியெடுத்த தாள்கள் கவரில், 1.10 வேலூர் பஸ்ஸில். கண்டக்டர் வாங்கிக்கொண்டு, "இன்னா சார், எப்பப் பாரு புக்கு புக்குன்னுகினு. ஒரு கொலை கிலை கெடியாதா?" என்றார். நல்ல மனிதர். ஒரு முறைகூடக் கவரைத் தொலைத்ததில்லை.

துணி காயவில்லை.

நவம்பர் 18, புதன்

வேலூர் செய்தி டெஸ்க் ராமலிங்கம் பேசினார். டிசம்பர் கடைசி ஞாயிறு முழுப் பக்கம். வருஷத்தின் சிறந்த பத்து அட்டைகள், கையெழுத்தோடு படமாக. அசல் அட்டைகள் வேண்டும்.

அசல் அட்டை என்றால் என் சிவப்பு மையோடுதான் வரும் என்றேன். அதுதான் அழகு சார் என்றார்.

அட்டைகள் மூன்று புடவைப் பெட்டிகளில், பரண் மேல். ஏணி பக்கத்து வீட்டில். நாளை.

நவம்பர் 19, வியாழன்

மழை இல்லை. ஏணி கிடைத்தது.

ஊர்வாரியாகப் பிரித்தேன். சேத்துப்பட்டிலிருந்து வந்தவற்றில் "க.வ." என்று கையொப்பமிட்ட ஒருவர். எட்டு அட்டைகள். நல்ல வாசகர் என்று தெரியும், எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். ஆணா பெண்ணா என்று யோசித்ததில்லை.

முதலாவது, தேனீ வளர்ப்பு. அடுத்தது, படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் பராமரிப்பது எப்படி என்ற கையேடு: "அப்பாவுக்காக வாங்கியது. இனி எனக்குத் தேவையில்லை. தேவைப்படுகிறவர் படியுங்கள்." பிறகு நட்சத்திரங்கள். கடைசியாக இந்த மாதம் 9ஆம் தேதி வந்தது, ரயில் கால அட்டவணை: "எங்கும் போக முடியாதவர்களுக்கு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருக்கும்."

எட்டையும் வரிசையாக வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றிலும் ஐந்தாவதாக ஒரு வரி. என் சிவப்புக் கோட்டுக்கு அடியில். எட்டிலும் ஒரே வரி.

"வேறு ஏதாவது இருக்கிறதா?"

மற்ற அட்டைகளை ஒதுக்கி வைத்தேன்.

எழுதி வைக்கிறேன், எனக்காக. 84 முதல் 91 வரை தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலூருக்கு டிரங்க் கால். ஆரணி எக்ஸ்சேஞ்சில் அந்த நேரம் எப்போதும் அதே ஆப்பரேட்டர், அதே குரல். மழைக்காலத்தில் லைன் கரகரக்கும். நான் சொல்வது டெஸ்க்குக்கு எட்டாது. அவர் இடையில் புகுந்து, என் வரிகளைத் தன் வாயால் ஒவ்வொன்றாக வேலூருக்குச் சொல்வார். என் மழைக்காலச் செய்தி எல்லாம் அவர் குரலில்தான் போயிற்று. நேத்து முனிரத்தினம்னு சொன்னீங்க, இன்னிக்கு முனிசாமின்றீங்களே, எது சார் என்று கேட்டிருக்கிறார். இரண்டு முறை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

முடிந்ததும் தினமும் ஒரே கேள்வி. "வேற எதுனா இருக்குதா சார்?"

நான் தினமும் ஒரே பதில். "இல்லம்மா, அவ்ளோதான்."

ஒரு நாள் தேனீ பற்றி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் பேசலாம்மா, இன்னொரு செய்தி இருக்கு என்றேன். அந்த அப்புறம் வரவில்லை. எஸ்.டி.டி. வந்தது. பூத்தில் நானே எண்களைச் சுழற்றினேன். அவரைச் சேத்துப்பட்டுக்கு மாற்றிவிட்டதாக, புகார் மேசையில் இருப்பதாக, தகப்பனாரை வைத்துப் பார்த்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ளாமலே இருப்பதாக லைன்மேன் ஒருவர் சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்பியது நினைவிருக்கிறது. பிறகும் பல நாள் நடந்தேன்.

பெயர் தெரியாது. செத்தவன், திருடியவன், பரிசு வாங்கியவன், எல்லாருக்கும் பெயர், வயது, தகப்பன் பெயர் கேட்டு எழுதியவன் நான். ஏழு வருஷம் அவரிடம் கேட்கவில்லை.

கடைசி அட்டையில் ஆறாவது வரியும் இருந்தது. அதையும் வெட்டியிருக்கிறேன். விளக்கில் பிடித்துப் படித்தேன்: "மாற்றல் வந்திருக்கிறது. இம்மாதம் 30 வரை சேத்துப்பட்டு. பிறகு தருமபுரிப் பக்கம்."

நவம்பர் 20, வெள்ளி

சமைக்கவில்லை. கஞ்சி.

வேறொருவராக இருக்கலாம். க.வ. யாராகவும் இருக்கலாம். தேனீ எத்தனையோ பேர் படிப்பார்கள். ஆனால் அந்த வரி?

கடிதமாக எழுதாமல் ஏன் அட்டை என்று யோசித்தேன். அட்டையைத் தபால்காரரிலிருந்து எல்லாரும் படிக்கலாம். எல்லாரும் படித்தாலும் ஒருவருக்கு மட்டும் புரிகிற வரி. அந்த ஒருவர் படிக்கவில்லை.

நவம்பர் 21, சனி

பூத்துக்குப் போனேன். அதை நடத்துகிற பாத்திமாம்மாதான் இருந்தார். சேத்துப்பட்டு எக்ஸ்சேஞ்ச் எண் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். அடித்தேன். மறுமுனையில் மணி போனது. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தேன், வைத்தேன். மூன்றாவது முறை.

"பேஜாரா கீதே சார். அடிக்கிறீங்க, வெக்கிறீங்க. பொண்ணு கேக்கப் போறவனாட்டம் வேர்த்துகினு நிக்கிறீங்க," என்றார் பாத்திமாம்மா.

எனக்கு ஐம்பத்து மூன்று என்றேன்.

"வயசக் கேக்கல சார். வெளில நாலு பேரு நிக்கிறாங்கன்னேன்."

வந்துவிட்டேன்.

அட்டையில் கேட்டார், பக்கத்தில் பதில் சொல்லலாம். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. 29ஆம் தேதி ஞாயிறு. 30க்கு முன்னால் கடைசி இணைப்பு.

நவம்பர் 23, திங்கள்

அட்டைகள் பதினாறு. கடைசி வரி வரை படித்தேன், எல்லாவற்றையும். நேரம் இரு மடங்கு ஆயிற்று. ஒருவர் கடைசி வரியில் மகளுக்கு வரன் கேட்டிருக்கிறார்.

பதினேழாவதாக என்னுடையது. ஆறு முறை எழுதிக் கிழித்தேன். போனது இது:

"தொலைபேசி விவரப் புத்தகம். தனியாக இருப்பவர்களுக்கு. ஒரு பொய்யும் இல்லாத நூல், ஊரே அகர வரிசையில் இருக்கிறது. ஒரே குறை, எங்களை இணைத்துக் கொடுத்தவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, அன்றும் இருந்தது. – பழைய டிரங்க் கால்காரன், ஆரணி."

1.10 பஸ். கண்டக்டர் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னிக்கு கனமா கீது சார் என்றார். ஒரு தாள்தான் அதிகம்.

நவம்பர் 26, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. முடி வெட்டிக்கொண்டேன். மழை.

நவம்பர் 29, ஞாயிறு

விடிகாலை ஐந்தரைக்கே பேப்பர் கட்டு பிரிக்கிற இடத்துக்குப் போய் நின்றேன். இணைப்பு, ஆறாம் பக்கம், வலது மூலை. "...எந்தப் பக்கத்திலும் இல்லை." அதோடு கையொப்பம். ஐந்தாவது வரி இல்லை.

ராமலிங்கத்தை வீட்டுப் போனில் பிடித்தேன். தூக்கக் குரல். "விளம்பரம் வந்துடுச்சு சார். எல்லாத்துலயும் கீழ ஒரு வரி எடுத்தோம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்?"

ஆமாம் என்றேன். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பகல் முழுவதும் படுத்திருந்தேன். நாளை 30.

நவம்பர் 30, திங்கள்

வெயில். பத்து மணிக்குப் பூத்.  பாத்திமாம்மா கதவைச் சாத்திவிட்டார். நின்றிருந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க அனுப்பியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"சேத்துப்பட்டு எக்ஸ்சேஞ்ச்."

குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. மற்றபடி அதேதான். ஆரணியிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியுது சார்." பிறகு, "நேத்து படிச்சேன். நாலு வரியோட நின்னுது. கீழ வெட்டிட்டாங்களா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஏழு வருசம் உங்க செய்திய வேலூருக்குப் படிச்சவ சார். நீங்க என்னிக்கு நாலோட நிறுத்துனீங்க?"

அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். எட்டு அட்டைகளிலும் நாலு வரிதான் படித்தேன் என்று. சொல்ல வெட்கமாக இருந்தது. அதான் பாத்தேன் சார் என்றார். குரலில் கோபம் இல்லை. அங்கே யாரோ போன் வேலை செய்யவில்லை என்று சத்தம் போட்டார்கள். ஒரு நிமிஷம் சார் என்று போனார். எழுதிக்கொள்வது கேட்டது. எண், தெரு, எத்தனை நாளாக. வந்தார்.

இன்றோடு இங்கே வேலை முடிகிறதாம். சாமான்கள் நேற்றே போய்விட்டன. ராத்திரி பஸ்ஸில் அவரும்.

இன்று மழை இல்லை. லைனும் கரகரக்கவில்லை. அந்தச் சாக்கும் இல்லை.

"வேற எதுனா இருக்குதா சார்?"

"இருக்குதும்மா."



"அப்ப போன்ல வேணாம் சார். இங்க ஒட்டுக் கேக்க ஆளுங்க இருக்காங்க. நானும் அப்பிடி இருந்தவதான்." சிரித்தார். சிரிப்பை இதற்கு முன் கேட்டதில்லை. "அஞ்சு மணி வரிக்கும் இருப்பேன்."

வரச் சொல்லியிருக்கிறார் என்று வைத்த பிறகுதான் உறைத்தது.

2.50 சேத்துப்பட்டு பஸ். குடை. எட்டு அட்டைகளும், உறையில். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று.

கேட்க வேண்டியவை:

1. பெயர்.