பெட்டியின் திறப்பு என்னிடம் இருந்தது

விரலில் நீலம் ஒட்டியிருக்கிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. காபன் தாளின் அந்த எண்ணெய் மணமும் போகவில்லை. இதே நீலத்தை உம்முடைய விரல்களில் பல நாள் கண்டிருக்கிறேன். "என்னப்பா, விரலெல்லாம் நீலம்?" என்று கன்ரீனில் ஒருநாள் கேட்டேன். "பேனை கக்கிப்போட்டுது" என்று சிரித்தீர். நான் நம்பினேன். ஒழுங்கான பேனை ஒன்று வாங்கத் தெரியாதவள் என்று மனதுக்குள் சந்தோஷமும் பட்டேன். உம்மிடம் ஒரு குறை கிடைத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

நேற்று கோப்பாயில் உம்முடைய ஆண்டுத் திவசம். சாப்பிட்டுவிட்டு நான் வெளிக்கிடும்போது உம்முடைய தங்கச்சி ஒரு பைலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கான்ரை அலுமாரிக்குள்ளை கிடந்தது. எல்லாம் உங்கடை விமான வேலைக் கடுதாசியள். எங்களுக்கு ஒண்டும் விளங்காது. நீங்கள்தானே இப்ப அங்கை படிப்பிக்கிறது, வைச்சிருங்கோ."

அந்தப் படிப்பிக்கிற வேலை உமக்கு வரவேண்டியது என்று அவளுக்கு நீர் சொல்லவே இல்லை போலிருக்கிறது. உடுவிலில் என் வீட்டுக்கு வந்து, உடுத்த சீலையோடு கட்டிலில் இருந்து பைலைத் திறந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன விமான நிறுவனத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நீர் அதற்கு முன் சங்கக்கடையில் பில் எழுதியவர். நான் பட்டம் முடித்தவள். ஆகவே நான்தான் முன்னுக்கு வருவேன் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பயணிகளை ஏற்றுவது, பொதிகளைப் பார்ப்பது, விமானம் புறப்படுமுன் தரையைச் சுற்றிவந்து பார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. முதல் மாதமே கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பாதுகாப்பு முகாமைத்துவம் என்று இரண்டு நாள் வகுப்பு. சின்ன ஆபத்தைக் கண்டாலும் எழுதிப் பெட்டியில் போடவேண்டும், தன் பிழையைத் தானே சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று விளக்கினார். பிறகு, "நீங்கள் வேலையில் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார்.

எல்லாரும் குனிந்துகொண்டோம். நீர் கையை உயர்த்தினீர்.

"சேர், போன கிழமை நான் விமானச் சில்லுக்குக் குடுத்த கட்டையை எடுக்க மறந்துபோனன். விமானி கைகாட்டினாப் பிறகுதான் ஓடிப்போய் எடுத்தனான்."

அவர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறு எரிய எரிய. ஏனென்றால் அதே கிழமை நான் பொதி வண்டிலுக்குப் பிறேக் போடாமல் விட்டு, அது தானாக உருண்டு இறக்கைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. யாரும் காணவில்லை. நான் அதை விழுங்கிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். நீர் பிழையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினீர். அதிலிருந்து தொடங்கியது.

ஊழியர் அறை வாசலில் மஞ்சள் தகரப் பெட்டி வைத்தார்கள். பதிவுகளை ஒழுங்காக எழுதுபவள் என்று அதன் பூட்டுத் திறப்பை என்னிடம் தந்தார் முகாமையாளர். ஒவ்வொரு நாளும் திறந்து, துண்டுகளுக்கு இலக்கம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. பாதித் துண்டு உம்முடைய எழுத்தில்தான் இருக்கும். ஏணியில் ஆடுகிற படி, வெங்காயத் தோட்டத்திலிருந்து காற்றில் வருகிற சாக்கு என்று எல்லாம் எழுதினீர். எங்கே, எப்போது, என்ன செய்யலாம் என்பதும் அதில் இருக்கும். மாதக் கூட்டத்தில் முகாமையாளர் உம்முடையதை உரத்து வாசிப்பார். நானும் முயன்று சில எழுதினேன். "நல்லது" என்றுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

நாங்கள் கடைசிவரை 'நீர்' என்றுதான் கதைத்துக்கொண்டோம். நீர் இரண்டொரு தரம் 'நீ' என்று தொடங்கிப் பார்த்தீர். நான் 'நீர்' என்றே பதில் சொன்னேன். பிறகு நீரும் விட்டுவிட்டீர்.

பிறகு ஒரு செய்தி வந்தது. எங்களில் ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பிப் பயிற்சியாளராக்கப் போகிறார்கள். அது நீர்தான் என்று கன்ரீனில் தேத்தண்ணீர் ஊற்றுபவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்தக் கிழமை வியாழன் பின்னேரம் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு துண்டு இருந்தது, உம்முடையது.

வேலிக்கு அங்கால் தோட்டம் உழும் நாளில் கொக்குகள் கூட்டமாக இறங்குகின்றன என்று எழுதியிருந்தீர். புரட்டிய மண்ணில் புழுப் பொறுக்க வருபவை உழவு மெசின் திரும்பும்போது எழும்பி ஓடுபாதைக்கு மேலால் பறக்கின்றன. நாளைக் காலை உழப்போவதாகத் தோட்டக்கார ஐயா சொன்னார். பறவை விரட்டுபவரை நேரத்தோடு அனுப்பவும். இனி உழும் நாட்களை முதல்நாளே எங்களுக்குச் சொல்லும்படி தோட்டக்காரர்களைக் கேட்போம்.

இரண்டு தரம் வாசித்தேன். இந்தச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் எல்லாரும். உழவுக்குப் பின்னால் கொக்கு நடப்பதைக் காணாத கண் இங்கே இல்லை. ஆனால் அதை ஓடுபாதையோடு சேர்த்துப் பார்க்க உமக்கு மட்டும் தோன்றியது. ஏன் எனக்குத் தோன்றவில்லை? அந்தத் துண்டு முகாமையாளரின் மேசைக்குப் போனால் என் கதை முடிந்தது. மடித்துக் கைப்பையில் வைத்தேன். தெரிவு முடிந்த பிறகு பெட்டியில் போட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'நாளைக் காலை' என்பதை வாசித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நீர் லீவு. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு முதல்முதல் போன நாள் அது என்று பிறகுதான் அறிந்தேன். விமானம் ஓடத் தொடங்கியபோது வேலிக்கு அங்காலிருந்து கொக்குகள் வெள்ளையாகக் கிளம்பின. ஒன்று இயந்திரத்துக்குள் போய் ஒரு வெடிச் சத்தம். விமானி பிறேக்கைப் போட்டு, ஓடுபாதை முடிய இன்னும் கொஞ்சம் இருக்கையில் நிறுத்தினார். ஒருவருக்கும் காயமில்லை. இறக்கிவிட்ட பிறகு ஒரு தாய் கைப்பிள்ளையை இறுக்கிக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் பிடிக்குமுன் போத்தல் விழுந்தது.

விசாரணையில் தோட்டக்கார ஐயாவைக் கூப்பிட்டார்கள். "அந்தக் கோப்பாய்ப் பிள்ளைக்கு முதல்நாளே சொன்னனான் ஐயா" என்றார் அவர்.

"ஓம், சொன்னவர்" என்றீர் நீர். "நான் எழுதிப் பெட்டியிலை போட்டனான்."

முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். "அப்பிடியொண்டும் வரேல்லை சேர்."

நீர் என்னைப் பார்த்தீர். நெடுநேரம் இல்லை. அதன் பிறகு அந்த அறையில் நீர் வாய் திறக்கவில்லை. ஆபத்தை அறிந்திருந்தும் அறிவிக்கவில்லை என்று உம்முடைய பெயரில் எழுதினார்கள். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கொழும்புக்கு நான் போனேன்.

போவதற்கு முதல்நாள் என்னிடம் வந்தீர். "நல்லாப் படிச்சுக்கொண்டு வாரும்" என்றீர். படியால் இறங்கியவர் திரும்பி, "வந்தாப் பிறகு அந்தப் பெட்டியை மட்டும் ஒவ்வொரு நாளும் திறவும். ஒரு துண்டும் தவறக்கூடாது" என்றீர். தனக்குக் கிடைக்காத பொறாமையில் புத்தி சொல்கிறாள் என்று நினைத்தேன். பாரும், பொறாமை என்று நான் நினைத்தது உம்மை!

இப்போது பைலைத் திறந்தால், நீர் எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீலப் படி. சங்கக்கடைப் பழக்கம், காபன் வைக்காமல் எழுதக் கை வராது போல. திகதி வரிசையில் அடுக்கியிருக்கிறீர். நடுவில் அந்த வியாழக்கிழமை. கொக்கு, உழவு, நாளைக் காலை, எல்லாம் இருக்கின்றன. விசாரணை நடந்தபோது இது உம்முடைய வீட்டு அலுமாரியில் இருந்திருக்கிறது. கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தால் அன்றைக்கே நான் வீட்டுக்குப் போயிருப்பேன். திறப்பு யாரிடம் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஏன் காட்டவில்லை? இராத்திரி முழுக்க இதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். என்மேல் இரக்கம் என்று முதலில் நினைத்து அழுதேன். பிறகு மற்றப் படிகளைப் புரட்டினேன். விசாரணைக்குப் பிறகும் நீர் எழுதியிருக்கிறீர். திறப்பு என்னிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, வருத்தம் முற்றி நீர் வேலையை விடும்வரை, அதே பெட்டியில் போட்டிருக்கிறீர். அப்போதுதான் விளங்கியது. பெட்டியில் போட்டது களவு போகும் என்று தெரிந்தால் பிறகு ஒருவரும் அதில் ஒன்றும் போடமாட்டார்கள். நீர் காப்பாற்றியது என்னை இல்லை, அந்தத் தகரப் பெட்டியை. எனக்கு அந்தப் பெட்டியிலும் பொறாமை வந்தது. செத்த பிறகும் என்னை முந்துகிறீரே என்று கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையைவிடக் கோபம்தான் கூட.

இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பெடுக்கும்போதெல்லாம் அந்தச் சில்லுக்கட்டைக் கதையைத்தான் சொல்வேன். என்னோடு வேலை செய்த ஒருவர் என்பேன், உம்முடைய பெயரைச் சொல்வதில்லை. எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டையும் நான்தான் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்குப் புதிய ஆட்களுக்கு வகுப்பு. நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவேண்டும். இன்று காலை உம்முடைய பைலின் கடைசியில் மீந்து கிடந்த காபன் தாளை எடுத்து, படிவத்துக்குக் கீழே வைத்து எழுதினேன். பொதி வண்டிலில் தொடங்கி, கைப்பையில் போன துண்டுவரை எழுதினேன். அவர் அறிவித்தார், நான் எடுத்தேன் என்று எழுதினேன். பெயர் எழுதாமலும் விடலாம் என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதினேன். உம்முடைய வியாழக்கிழமைப் படியையும் சேர்த்துக் குத்திப் பெட்டியில் போட்டேன்.

போட்டதும் கை தானாகத் திறப்பைத் தேடியது. எடுத்துவிடலாமே என்று ஒரு கணம் நின்றேன். பிறகு முகாமையாளரின் அறைக்குப் போய்த் திறப்பை மேசையில் வைத்தேன்.

"என்ன திடீரெண்டு?" என்றார்.

"நாளைக்கு வகுப்புக்கு முன்னம் நீங்களே திறவுங்கோ சேர்."

அவர் திறப்பார். நாளைய வகுப்பை யார் எடுப்பார்களோ தெரியாது. உம்முடைய பெயருக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு வரியை அடித்து நீக்குவார்கள், அது மட்டும் தெரியும்.

என் துண்டின் நீலப் படி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. முன்பு உம்முடையதை மடித்து வைத்த அதே உள்ளறையில் வைத்திருக்கிறேன். வைக்குமுன் உம்முடைய படிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்தும் உம்முடையதுதான் என்னுடையதைவிட வடிவு.